எட்டாவது வரிசை

கலத்துக்கு அலுமினியத் தாள் சுற்றும் வேலையைத் தவின் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் எஃகுக் கலம் அது. நாலு பக்கமும் குழாயும் கம்பியும் கண்ணாடிச் சன்னலுமாகப் பிதுங்கிக்கொண்டிருக்கும். உள்ளிருக்கும் காற்றைப் பம்ப் உறிஞ்சி எடுத்த பிறகும் சுவரில் ஒட்டிய ஈரம் லேசில் விடாது. அதனால் வெளியே சூட்டுப் பட்டைகளைக் கட்டி, மேலே தாளைப் போர்த்தி, இரண்டு நாள் வேகவிட வேண்டும். தாள் ஓரிடத்தில் கிழிந்தாலும் அந்த இடம் மட்டும் ஆறிப்போய், ஈரமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். தவின் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக, சளி பிடித்த பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோலச் சுற்றி, நுனியை உள்ளே மடித்துச் செருகினார். கன்லயா முக்காலியில் உட்கார்ந்து உருளையிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரலால் அல்ல. முழங்கையால் உருளையை அழுத்திப் பிடித்து, மறு கையின் விளிம்பால் கிழித்தாள்.

"அம்மா, இந்தச் சன்னலுக்கு இன்னொரு சுத்து குடு. போன தடவ இங்கதான் குளிர் புடிச்சுது."

"எனக்கே சொல்றீங்களா? இந்தச் சன்னல் ஒழுகுதுன்னு முதல்ல சொன்னதே நான்தான்."

"ஒழுகுதுன்னு சொன்னது நீ. நீ போல்ட்ட ஒரே பக்கமா முறுக்கினதாலதான் ஒழுகுதுன்னு சொன்னது நான்."

மகள் பிறந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மகள் இப்போது பாங்காக்கில் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் மிச்சம்.

இந்தச் சன்னல் சண்டைக்கு வயது அவர்கள் கல்யாணத்தைவிட அதிகம். கன்லயா, புவா யாய் என்ற ஊரின் ரயில் சந்திப்பில் வளர்ந்தவள். அப்பா தண்டவாளம் மாற்றிவிடும் ஆள், அம்மா பிளாட்பாரத்தில் சுட்ட கோழி விற்றவள். உதவித்தொகையில் படித்து, ஜப்பானில் டாக்டர் பட்டம் வாங்கி, கோராட்டுக்கு வெளியே எலெக்ட்ரான்களை வட்டமாக ஓடவிட்டு ஒளி எடுக்கும் இந்த வளையத்துக்கு வேலைக்கு வந்தாள். வந்த முதல் மாதம் அவளுடைய கலத்தில் வெற்றிடம் நிற்கவே மாட்டேன் என்றது. எங்கேயோ ஒழுகல். ஏசி மெக்கானிக்காக இருந்து வெற்றிடப் பிரிவில் சேர்ந்திருந்த தவின், ஒழுகலைத் தேட ஹீலியம் வாயுக் குழாயோடு வந்தார். ஊதிக்கொண்டே சுற்றி வந்து, சன்னலருகே நின்று, "ஆஜான், இந்தப் போல்ட்டுங்கள யாரு முறுக்கினது?" என்று கேட்டார். இங்கே பாடம் சொல்லித் தருகிறவர்களை எல்லாரும் ஆஜான் என்றுதான் அழைப்பார்கள். அந்தச் சொல்லில் அவர் வைத்த மரியாதையில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. அவளுக்கு அது பிடித்தது.

பிறகு கேன்டீனில் ஒரு நாள் நூடுல்ஸுக்கு நடுவே கேட்டார்: "அப்ப நீங்க அணுவக் கண்ணால பாக்கறதே இல்லையா?"

"இல்ல. தகட்டு மேல எலெக்ட்ரான எறிவோம். பட்டுத் திரும்பி வரும். எங்கெங்க கூட்டமா வருதோ அங்கங்க திரையில புள்ளி எரியும். புள்ளிய வச்சு, மேல அணுவெல்லாம் எப்படி வரிசை கட்டி நிக்குதுன்னு ஒரு ஊகம். அந்த ஊகம் சரின்னா எந்தப் புள்ளி எவ்வளவு பளிச்சுன்னு வரணும்னு கணக்குப் போடுவோம். ஒத்துப் போகலேன்னா ஒரு அணுவக் கொஞ்சம் நகத்தி வச்சு மறுபடி கணக்கு."

"எத்தன தடவ?"

"ஒத்துப் போற வரைக்கும்."

"ஒத்துப் போயிட்டா அதுதான் உண்மையா?"

"அதவிட நல்லா ஒத்துப் போறத வேற யாராவது கொண்டுவர்ற வரைக்கும்."

தவின் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நானும் ஏசிய அப்படித்தான் பாப்பேன், ஆஜான். தொறக்காம, சத்தத்த வச்சே. ஆனா எனக்குக் கடைசியில தொறந்து பாத்துக்கலாம். உங்களுக்கு அதுவும் கிடையாது. பாவம்."

அப்படி அவளுக்காகப் பரிதாபப்பட்ட முதல் ஆளை அவள் கட்டிக்கொண்டாள்.

தாள் சுற்றி முடியும் நேரத்துக்கு லம்துவான் வந்தாள். வளையத்திலிருந்து ஒளி பிரிந்து வரும் இந்தக் கிளையின் பொறுப்பாளர் அவள்தான். கன்லயாவைவிடச் சின்னவள், வாய் பெரியவள். வளையத்தில் வேலை தொடங்கும்போதெல்லாம் வாசலில் இருக்கும் காவல் தெய்வத்தின் சின்ன வீட்டுக்குச் சிவப்பு சோடா வைப்பது அவள் பொறுப்பு. கையில் பாட்டிலும் உறிஞ்சுகுழலும் இருந்தன.

"அண்ணே, சேம்பருக்குச் சட்ட தச்சாச்சா? பட்டன் வைக்கலயா?"

"உன் சோடாவுக்கு முதல்ல மூடியத் திற. சாமி பல்லால கடிச்சா திறக்கும்?"

"சாமிக்கு இந்தத் தடவ ரெண்டு பாட்டில். பாண்டுங்காரிய ஜெயிக்கணும்ல அக்கா?"

கன்லயா சிரித்தாள். வளையத்தில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த இந்த ஐந்து நாள் ஒளி அதற்காகத்தான்.

விஷயம் இதுதான். சிலிக்கான் தகட்டின் மேல் அணுக்கள் ஜோடி ஜோடியாக வரிசை கட்டி நிற்கும். அதன் மேல் வெள்ளீயத்தை மெல்லிசாகத் தூவிச் சூடாக்கினால், ஏழு வரிசை நிறைந்து எட்டாவது வரிசை காலியாகிவிடுகிறது, மறுபடி ஏழு, மறுபடி ஒரு காலி என்று கன்லயா கண்டுபிடித்திருந்தாள். திரையில் இரண்டு பெரிய புள்ளிகளுக்கு நடுவே ஏழு சின்னப் புள்ளிகள், பல்வரிசை மாதிரி. அந்தப் புள்ளிகளின் வெளிச்சத்துக்கெல்லாம் கணக்கு ஒத்துப்போக அவளுக்கு நாலு வருஷம் ஆனது. வெள்ளீயம் ஏன் ஒரு வரிசையை விரட்டுகிறது என்று ஒரு காரணமும் எழுதினாள். நல்ல பத்திரிகையில் வந்தது. அவள் வாழ்க்கையில் அவள் பெயரோடு சேர்த்து யாராவது நினைவு வைத்துக்கொள்ளக்கூடியது என்று ஏதாவது இருந்தால் அது இந்த எட்டாவது வரிசைதான்.

போன மாதம் இந்தோனேசியாவின் பாண்டுங்கிலிருந்து ஹெர்லினா என்ற பேராசிரியை மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மிகவும் பணிவான கடிதம். பலமுறை முயன்றும் தங்களுக்கு எட்டாவது வரிசை நிரம்பியே வருகிறது, தங்கள் பக்கத்தில்தான் ஏதோ தவறு இருக்க வேண்டும், கன்லயா எப்படிச் செய்கிறார் என்று விவரமாகச் சொன்னால் நன்றி என்று எழுதியிருந்தார்.

"நீ பொய் சொல்றேன்னு இத்தன மரியாதையா ஒருத்தர் என்கிட்டச் சொன்னதே இல்லக்கா" என்று அப்போதே லம்துவான் சொல்லியிருந்தாள்.

இன்னொரு தடவை செய்து காட்டிவிட்டால் கட்டுரை நிற்கும். இல்லாவிட்டால் விழுந்துவிடும். விழுந்தால் அவளோடு மட்டும் போகாது, தவினுடைய பெருமையும் போகும். அதுதான் அவளை உறுத்தியது.

அந்த நாலு வருஷத் தொடக்கத்தில்தான் கன்லயாவின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகத் தொடங்கின. மணிக்கட்டில் நரம்பு நெரிகிறது என்று டாக்டர் கிழித்துத் தைத்தார். பாதி திரும்பியது, பாதி திரும்பவில்லை. சோறு பிசையலாம், பேனா பிடிக்கலாம். நகத்தளவு சிலிக்கான் தகட்டை இடுக்கியால் எடுத்துத் தாங்கியில் வைக்க முடியாது. அன்றிலிருந்து அவளுடைய தகடுகளையெல்லாம் தவின்தான் ஏற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வருவார், கையுறை போடுவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேறு கணக்கு பார்த்துக்கொண்டிருப்பாள்.

கட்டுரை அச்சானபோது கடைசியில் நன்றிப் பகுதியில் ஒரு வரி சேர்த்தாள்: எல்லாத் தகடுகளையும் ஏற்றித் தந்த தவினுக்கு நன்றி. தொழிற்பள்ளியில் கணக்கில் தோற்று ஏசி கழுவப் போன மனிதர் அவர். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கண்ணாடி போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிட்டார். விருந்தாளி வந்தால் அவர்களாகப் பார்க்கும்வரை பொறுத்திருப்பார். பார்க்காவிட்டால் மின்விசிறியைக் கூட்டுவதற்காக எழுந்து அந்தப் பக்கம் போவார்.

கட்டுரை தேறினால் பாட்டு வைப்பதாக நகரவாசலில் நிற்கும், ஊரைக் காத்த வீராங்கனை யா மோவின் சிலைக்கு அவர் வேண்டிக்கொண்டிருந்தார். சொன்னபடியே பாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து வைத்தார். காணிக்கைப் பாட்டில் யாருக்காக, எதற்காக என்று சேர்த்துப் பாடுவது வழக்கம். தவின் அரைமணி நேரம் விளக்கிச் சொன்ன பிறகு, கைதட்டிக்கொண்டே அந்தப் பாட்டுக்காரி பாடியது இது: கன்லயா என்கிற பெண் வயலில் இறங்கினாள், நாற்று வரிசைகளை எண்ணினாள், எட்டாவதை யாரோ பிடுங்கிப்போய்விட்டார்கள், அதைச் சொன்னதற்கே ஊர் அவளை மெச்சுகிறது. கன்லயா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, லம்துவானின் தோளில் சாய்ந்தாள். தவின் மட்டும் கைகூப்பி நின்றார். பாட்டு சரியாகத்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

கலம் வெந்து ஆறிய அன்று காலையில் தவின் பிமாய்க்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அவருடைய தங்கை மகன், ஊர் வழக்கப்படி மழைக்காலத்துக்கு மட்டும், துறவு பூணுகிறான். தாய்மாமன் இல்லாமல் ஊர்வலம் கிளம்பாது என்று தங்கை போனில் அழுதிருந்தாள்.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் வந்துடுவேன். அதுவரைக்கும் லம்துவான ஏத்தச் சொல்லு."

"அவளா? அவ கை பட்டா தகடு பறந்து போயி அவ சோடாவுல விழும்."

"அப்ப எனக்காகக் காத்திரு."

"ஒளி காத்திருக்காதுப்பா. நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டாள். அதற்குக் காலை முழுவதும் ஆனது. பிளாஸ்டிக் முனை வைத்த இடுக்கியை இடது கையில் பிடித்து, வலது கையால் மணிக்கட்டைத் தாங்கி, தகட்டைத் தூக்கினாள். முதல் தகடு வழுக்கி உடைந்தது. இரண்டாவது தாங்கி வரை வந்து கவிழ்ந்தது. அடுத்ததும் போனது. லம்துவான் வாசலில் நின்று, "அக்கா, நான் வரட்டுமா?" என்றாள். "வந்தா கொன்னுடுவேன்" என்றாள் கன்லயா. கடைசியில் ஒன்று உட்கார்ந்தது. சரியாக நடுவில் இல்லை, கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. அவளுக்கு ஒரு பரீட்சை பாஸான மாதிரி இருந்தது. உடனே தவினுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் மேளச்சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "நல்லது, நல்லது" என்று மட்டும் கத்தினார்.

தகட்டைச் சூடாக்கினாள், வெள்ளீயம் தூவினாள், மறுபடி சூடாக்கினாள். விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் வழியாகத் திரையைப் பார்த்தாள். பெரிய புள்ளிகள் பச்சையாக, கூர்மையாக எரிந்தன. நடுவே ஒரே ஒரு புள்ளி. பல்வரிசை இல்லை.

ஏற்றியது சாய்ந்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்தாள். திருப்பிப் பார்த்தாள். சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். மறுநாள் இன்னொரு தகட்டை ஏற்றினாள். இந்தத் தடவை ஒன்றுதான் உடைந்தது. அதிலும் எட்டாவது வரிசை நிரம்பியே இருந்தது. பாண்டுங்கில் சொன்னது மாதிரியே.

"உங்க கைதான் ராசியில்லக்கா" என்றாள் லம்துவான். "அண்ணன் கைல ஏத்தினது ஏதாவது மிச்சம் இருக்கா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். கலத்தின் பக்கவாட்டு அறையில் போன தடவை தவின் ஏற்றிவைத்த தகடு ஒன்று, உபயோகிக்காமல், காற்றே படாமல் அப்படியே இருந்தது. கன்லயா அதை உள்ளே தள்ளினாள். வெள்ளீயம் தூவவில்லை. வெறுமனே சூடாக்கினாள், ஆறவிட்டாள், மறுபடி சூடாக்கினாள். மூன்றாம் தரம் சூடாக்கி ஆறவிட்டுச் சன்னலில் முகத்தை வைத்தபோது பெரிய புள்ளிகளுக்கு நடுவே ஏழு சின்னப் புள்ளிகள் அழகாக வரிசை கட்டி நின்றன.

வெள்ளீயமே இல்லாத தகட்டில்.

முகத்தை எடுக்காமல் அப்படியே நின்றாள். மூச்சு பட்டுச் சன்னல் மங்கியது. முதல் வருஷத்தில் வெறும் தகட்டை ஒரே ஒரு முறை சூடாக்கிப் பார்த்து, பல்வரிசை இல்லை, சரி, என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்தது நினைவுக்கு வந்தது. வெள்ளீயம் தூவியதைத்தான் திரும்பத் திரும்பச் சூடாக்கினாள். வெறும் தகட்டையும் அதே மாதிரி சூடாக்கிப் பார்த்திருக்க வேண்டும். பாடம் எடுக்கும்போது பிள்ளைகளிடம் அதைத்தான் முதலில் சொல்வாள்.

"லம்துவான், ஒளியத் திறந்து விடு. நிக்கல் இருக்கான்னு பாக்கணும்."

"நிக்கலா? அது எங்கேருந்து வரும்?"

வளையத்தின் ஒளி பட்டால் தகட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் தெறிக்கும். எந்த வேகத்தில் தெறிக்கின்றன என்பதை வைத்து எந்தத் தனிமம் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஓர் இடத்தில் கணினித் திரையில் ஒரு மேடு எழும். நிக்கலின் இடத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை, பார்க்கத் தேவை இருக்கவில்லை. இப்போது நீண்ட நேரம் சேர்த்துச் சேர்த்து எடுத்தபோது அங்கே ஒரு சின்ன மேடு தெரிந்தது. தரையில் ஊர்ந்து வந்த எறும்பு தலை தூக்கின மாதிரி.

சிலிக்கானோடு வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எஃகில் நிக்கல் இருக்கிறது. எஃகு இடுக்கி ஒரு தரம் பட்டால் போதும். கழுவினாலும் போகாது. சூடாக்கினால் தகடு முழுவதும் ஓடும். ஓடி, மேல்பரப்பில் வரிசைகளைக் காலி செய்யும். அதனால்தான் ஏற்றும் மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் எஃகு தொடாதே என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவள் கன்லயா.

"அண்ணனுக்குத் தெரியுமா அக்கா?" என்று லம்துவான் கேட்டாள்.

"அதத்தான் எப்படிக் கேக்கறதுன்னு பாக்கறேன்."

தவின் சொன்னபடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் வேர்வை. காதுக்குப் பின்னால் யாரோ பூசிய பவுடர் இன்னும் இருந்தது. ஊர்வலத்தில் ஆடி ஆடிக் கால் வீங்கிவிட்டது என்று செருப்பைக் கழற்றிக் காட்டினார்.

"பையன் தலையச் சிரைக்கும்போது ஒரே அழுகை. என் தங்கச்சி அழல. இவன் அழறான். நான் சொன்னேன், டேய், முடிதான போகுது, மழை சீசன் முடிஞ்சதும் ஊருக்கே திரும்பி வரப்போற, எதுக்கு அழறேன்னு. அது முடிக்காக இல்ல மாமாங்கறான்."

"அப்புறம் எதுக்காம்?"

"மீசையும் சேத்து எடுத்துட்டாங்களாம். போன மாசந்தான் வந்துதாம்."

கன்லயா சிரித்தாள். கோராட் நூடுல்ஸைச் சூடாக்கித் தட்டில் போட்டாள். பச்சைப் பப்பாளிக் கொத்து வாங்கி வைத்திருந்தாள், அவருக்குப் பிடித்த மாதிரி நண்டு ஊறுகாய் போட்டது. அவர் பசியோடு சாப்பிட்டார். மேசைக்கு மேலே கண்ணாடிக்குள் அந்த நன்றிப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, தகட்ட ஏத்தும்போது எதால புடிப்பீங்க?"

"பிளாஸ்டிக் இடுக்கி. நீ வாங்கிக் குடுத்ததுதான்."

"அது மட்டும்தானா?"

மெல்லுவது நின்றது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"அது வழுக்கும்மா. ஒரு தடவ உன் நல்ல தகட்டக் கீழ போட்டு உடச்சேன்ல, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீ ஒண்ணுமே சொல்லல. அப்புறத்துலேருந்து பிளாஸ்டிக்கால தூக்கிட்டு வந்து வச்சுட்டு, கடைசியா ஓரத்துல ஒரு தட்டு மட்டும் என் இடுக்கியால. உக்காரதுக்கு. ஓரந்தான். நடுவுல நான் தொட்டதே இல்ல."

"எஃகு இடுக்கி."

"ஆல்கஹால்ல கழுவிட்டுத்தான் தொடுவேன். ஒவ்வொரு தடவையும்." தட்டை நகர்த்தினார். "என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். வெறும் தகட்டைப் பற்றி, ஏழு சின்னப் புள்ளிகளைப் பற்றி, அந்த மேட்டைப் பற்றி. முதல் வருஷத்தில் தான் செய்யாமல் விட்டதையும் சொன்னாள். அதை முதலில் சொல்லியிருக்கலாம் என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

"ஓரத்துல பட்டது நடுவுக்கு வந்துடுமா?"

"சூடாக்கினா ஓடும்ப்பா. தண்ணியில சாயம் மாதிரி."

"எவ்வளவு ஒட்டியிருக்கும்? கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கண்ணுக்கே தெரியாததா" என்றார். பிறகு, "போர்டுல எழுதியிருந்துது. நடுவுலதான் தொடக்கூடாதுன்னு நான் நினச்சுக்கிட்டேன். உன்கிட்டக் கேட்டிருக்கலாம்" என்றார்.

"நான் பாத்திருக்கலாம். பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். ஒரு நாளாவது உங்க கையத் திரும்பிப் பாக்கல."

"நீ எதுக்குப் பாக்கணும்? அதுக்குத்தான நான் இருந்தேன்."

வெளியே பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளும் சத்தம் கேட்டது. தவின் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் தடவினார். விரலில் பவுடர் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நாத்தப் புடுங்கிட்டுப் போனது நான்தான்" என்றார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "யா மோகிட்ட என்னன்னு சொல்றது?"

"பாட்டு பாட்டுதாம்ப்பா. வச்ச காணிக்கைய யாரும் திருப்பி வாங்க மாட்டாங்க."

"இப்ப என்ன செய்யப்போற?"

"பத்திரிகைக்கு எழுதிட்டேன். இன்னும் அனுப்பல. உங்ககிட்டச் சொல்லிட்டு அனுப்பலாம்னு." மடிக்கணினியைத் திருப்பிவைத்து, அவருக்குப் புரியும்படி படித்துச் சொன்னாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். எங்கள் ஆய்வகத்தில் தகடுகள் எஃகு இடுக்கியால் தொடப்பட்டிருக்கின்றன. காலியான வரிசைக்குக் காரணம் வெள்ளீயம் அல்ல, நிக்கல். பாண்டுங் குழுவினரின் அளவே சரி.

அவர் கவனமாகக் கேட்டார். "யாரு தொட்டதுன்னு எழுதலயா?"

"ஆய்வகத்துலன்னு எழுதியிருக்கேன். அங்க நானும்தான் இருக்கேன்."

"பழைய கட்டுரையில எல்லாத் தகட்டையும் ஏத்தினது தவின்னு போட்டிருக்கல்ல." அவர் சுவரில் தொங்கிய கண்ணாடியைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிக்கிறவன் கூட்டிப் பாத்துக்குவான்."

அது அவளுக்குத் தோன்றவில்லை. எழுதும்போது அவரை எப்படி மறைப்பது என்றுதான் வாக்கியத்துக்கு வாக்கியம் யோசித்திருந்தாள். கட்டுரை அச்சானபோது ஆசையாகத் தான் போட்ட வரியே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவில்லை. பப்பாளிக் கொத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒரு வாய் எடுத்தார். காரம் என்றார். அவருக்குக் காரமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"அனுப்பு" என்றார். "அந்தப் பாண்டுங் அம்மா அங்க உக்காந்து, நம்ம கைதான் சரியில்லையோன்னு நினச்சுக்கிட்டிருக்கும். பாவம். இன்னிக்கே அனுப்பு."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள். பொத்தானை அழுத்தும்போது மரத்த விரலால் அழுத்தினாள், பட்டதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அழுத்தினாள். இரண்டு தரம் போயிருக்கும் என்றார் அவர். போகட்டும், ரெண்டு தரம் மன்னிப்பு கேட்டதா இருக்கட்டும் என்றாள்.

மடிக்கணினியை மூடினாள். பிறகு கன்லயா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சாயங்காலம் முழுவதும் இதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கடைசி நாள்ப்பா. வெள்ளீயம் உண்மையில எப்படி நிக்குதுன்னு ஒரு நல்ல தகட்டுல எடுத்துட்டா, ஹெர்லினாவோட அளவையும் சேத்து, முதல்லேருந்து சரியா எழுதலாம். நான் ரெண்டு ஏத்தறதுக்குள்ள நாலு ஒடஞ்சுது. இருக்கறதே கொஞ்சந்தான்." அவர் முகத்தைப் பார்த்தாள். "பிளாஸ்டிக் இடுக்கியிலயே. வழுக்கினா வழுக்கட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. இந்தத் தடவ நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். நீங்க ஏத்துறீங்களா?"

தவின் எழுந்தார். சாப்பிட்ட தட்டையும் அவளுடைய தட்டையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். குழாயைத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிக் கழுவினார். கையைத் துடைத்தார். துடைத்த கைகளை ஒரு கணம் விரித்துப் பார்த்தார், உள்ளங்கையை, பிறகு புறங்கையை.

"அப்பா" என்றாள் கன்லயா.

"இந்தக் கையாலயா, அம்மா?" என்றவர் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, வீங்கிய காலைப் பார்த்து வைத்து, அறையை விட்டு வெளியே போனார்.